நாயைப் பழக்குதல் என்னும் கல்வி

பட்டப் படிப்பு முடிந்ததும் என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்கும் பெரியவர்களிடம், "நாய்களைப் பழக்கும் தொழிலுக்குப் போகப் போகிறேன்" என்று நான் விடை கூறினால் முதலில் கிடைப்பது சிரிப்பு. அடுத்துக் கிடைப்பது ஒரு கேள்வி: "அதுக்கு எதுக்கப்பா காலேஜ் படிப்பு? கையில ஒரு குச்சி இருந்தா போதாதா?" இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட விடை எனலாம். குச்சி போதாது, பல வேளைகளில் குச்சியே நாயைக் கெடுக்கிறது. ஆனால், குச்சியைக் கீழே போட்டுவிட்டு அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போரும் ஏமாந்துதான் போகிறார்கள். அன்புக்கும் பழக்குதலுக்கும் நடுவே ஒரு பாடம் இருக்கிறது. அது நம் விலங்கியல், உளவியல் நூல்களிலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு.

என் ஊர் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். குன்றாண்டார்கோவில் என்றவுடன் வரலாற்றுத் துறை நண்பர்களுக்குப் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயிலும், அதன் முன்னே பிற்காலத்தில் எழுப்பப்பட்ட, குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற கல்மண்டபமும் நினைவுக்கு வரும். எனக்கோ ஆடுகளும் நாய்களும் நினைவுக்கு வரும். வானம் பார்த்த பூமி. அறுவடை முடிந்த வயல்களில் செம்மறிக் கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடுகள் அடைந்து கிடக்க, எருவுக்கு எருவும் ஆயிற்று, கீதாரிக்கு நெல்லும் ஆயிற்று. அந்தக் கிடையைச் சுற்றி நரிக்கும் திருடனுக்கும் காவலாக நிற்பவை நாட்டு நாய்கள். நடக்கத் தொடங்கிய நாள் முதல் அவற்றோடு திரிந்தவன் நான். வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டேன், கிடையில் தேடினால் கிடைப்பேன் என்று அப்பாயி இன்றும் சொல்வதுண்டு.

நாயைப் பழக்கி வேலை வாங்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. சங்க நூல்கள் நாயை ஞமலி என்றும் வழங்குகின்றன. வேட்டுவரோடு அது வராத குறிஞ்சிக் காட்சி குறைவு. நல்ல நட்புக்கு நாலடியார் நாயையே உவமை காட்டுகிறது. இவற்றையெல்லாம்விட என் நெஞ்சைத் தொட்டது ஒரு கல். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தை ஒட்டிய பகுதியில், எடுத்தனூர் என்னும் ஊரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆநிரை காக்கப் போரிட்டு மாண்ட வீரனின் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுச் சொல்கிறது. மன்னர்களுக்கு மெய்க்கீர்த்தி பாடிய கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஒரு நாயின் பெயரைக் காத்து வைத்த கல்வெட்டு எத்தனை கிடைக்கும்? கோவிவன் யாரையும் கடிக்கும் வெறிநாயாக இருந்திருந்தால் அந்த ஊரார் கல்லில் வைத்திருக்க மாட்டார்கள். யாரைக் கடிக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரோ ஒருவர் பழக்கியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ் உணவு செரித்தலை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். நாயின் உமிழ்நீரை அளந்துகொண்டிருந்தபோது, உணவு வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்ட அளவிலேயே உமிழ்நீர் ஊறுவதை அவர் கவனித்தார். ஓர் ஒலியை எழுப்பிவிட்டு உடனே உணவு தந்து வந்தால், நாளடைவில் ஒலிக்கு மட்டுமே உமிழ்நீர் ஊறுகிறது. இது தேர்வுக்கு நாம் எல்லோரும் படித்த செய்தி. ஆனால் இதில் 'உடனே' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படித்தவர் எத்தனை பேர்? அமெரிக்கரான தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் புதிர்ப் பெட்டிகளில் அடைத்துச் செய்த ஆய்விலும் இதுவே சாரம். இன்பமான விளைவைத் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்கிறது. துன்பமான விளைவைத் தந்ததைக் கைவிடுகிறது. ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூல் இதனை மேலும் விரிவாக்கியது. விளைவு செயலோடு ஒட்டி வர வேண்டும். ஓரிரு நொடி தள்ளிப் போனாலும் நாய் அதனை வேறு எதனோடோ முடிச்சுப் போட்டுவிடும்.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. "வா, வா" என்று தெருவெல்லாம் கூவி அழைக்கிறோம். அரை மணி கழித்து அது வருகிறது. வந்தவுடன் கழுத்தைப் பிடித்து நாலு அடி. அடித்தவர் மனத்தில், ஓடியதற்காகத் தண்டித்தோம் என்ற நிறைவு. நாய் கற்றதோ வேறு: 'வா' என்ற சொல்லைக் கேட்டுப் போனால் அடி விழும். அடுத்த முறை அழைத்தால் பத்தடி தூரத்தில் நின்று வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பார்க்கும். "திமிரு பிடிச்ச நாய்" என்று அதற்கு ஒரு பட்டமும் கொடுத்துவிடுகிறோம். நாய் நன்றாகவே கற்றிருக்கிறது. கற்பித்தவர்தாம் எதைக் கற்பித்தோம் என்று அறியவில்லை.

"அதுக்குத் தப்புப் பண்ணினோம்னு தெரியும் தம்பி; மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?" என்பார்கள். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாய் உணவைத் தின்றிருந்தாலும் தின்னாதிருந்தாலும், உரிமையாளர் கடிந்துகொண்டபோதுதான் அந்தக் 'குற்ற முகம்' தோன்றியது என்று கண்டார். ஒன்றும் செய்யாத நாய்களும் அப்படியே முகத்தைத் தொங்கப் போட்டன. நாம் குற்றவுணர்வு என்று படிப்பது நம் கோபத்தைக் கண்ட அச்சமேயாகும்.

விலங்குகள் நம்மைப் படிக்கும் திறம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஜெர்மனியில் வாழ்ந்த ஹான்ஸ் என்னும் குதிரையின் கதையைச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரமே அதைப் பார்க்கத் திரண்டது. கூட்டல், கழித்தல் கணக்குகளுக்கு அது குளம்பால் தரையைத் தட்டி விடை சொன்னது. 1904இல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று கூறிவிட்டுச் சென்றது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் உளவியலார் பொறுமையாகச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் முகத்தைக் காண முடியாதபடி மறைத்தபோதும் தெரியவில்லை. சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவர் தம்மை அறியாமலே தலையை ஒரு மயிரிழை அசைத்திருக்கிறார். குதிரை அந்த அசைவைப் பார்த்தே தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஃபுங்ஸ்ட் இதனை 1907இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்தவர்களிற் பலர், குதிரைக்குக் கணக்குத் தெரியவில்லை என்று ஏமாற்றம் அடைந்தார்களாம்! எனக்கென்னவோ கணக்குப் போடுவதைவிட இதுவே பெரிய திறமையாகத் தோன்றுகிறது. எங்கள் ஊர்க் கல்மண்டபத்துக் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம், உயிருள்ள குதிரை நம் முன் நின்றால் நம்மிடம் எவற்றையெல்லாம் படித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நாய் பழக்குவோருக்கு ஹான்ஸின் கதை நேரடியாகப் பயன்படும். "உட்கார்" என்று வாயால் சொல்லிக்கொண்டே நாம் முன்னே குனிகிறோம், விரலை உயர்த்துகிறோம். நாய் கற்பது விரலைத்தான். விரலை அசைக்காமல் சொல்லைச் சொன்னால் விழிக்கிறது. ஆகவே முதலில் சொல், அரை நொடி கழித்துக் கைச்சைகை, அது உட்கார்ந்த கணத்திலேயே ஒரு சிறு கருவாட்டுத் துண்டு என்று வரிசைப்படுத்த வேண்டும். வரிசை மாறினால் சொல் வெறும் சத்தமாகிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த தொல்லை. நான் "உட்கார்" என்பேன், தங்கை "சிட்" என்பாள், அப்பாயி "குந்துறா மணி" என்பார். முடிவில் அப்பாயியின் சொல்லே வென்றது. எங்கள் வீட்டு மணிக்கு இன்று தெரிந்த சொல் 'குந்து'தான்.

ஒரு முறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. வயிறு நிறைந்த நாயிடம் பாடம் எடுக்கக் கூடாது. பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தைப் போட்டுவிட்டு நாய் தேடவில்லையே என்று கோபிப்பதும் வீண். நாயின் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதாம். நீலமும் மஞ்சளும் அதற்கு நன்கு தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதபடி மங்கிப்போகும். மாறாக, அதன் மூக்கில் மணம் அறியும் ஏற்பிகள் இருபது கோடிக்கு மேல் உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்கோ ஏறத்தாழ ஐம்பது, அறுபது லட்சங்களே. கண்ணால் வாழும் நாம் மூக்கால் வாழும் ஓர் உயிருக்கு ஆசிரியராகிறோம் என்பதை மறக்கலாகாது.

நம் கல்லூரி வாயில் தேநீர்க் கடையில் ஒரு செவலை நாய் உண்டு, எல்லோரும் அறிவீர்கள். யார் வடை தின்றாலும் முன்னங்காலைத் தூக்கி முட்டியில் வைக்கும். விரட்டினாலும் போகாது. ஏன்? பத்துப் பேரில் ஒருவர் ஒரு துண்டு போடுகிறார். ஒவ்வொரு முறையும் கிடைத்துவந்த பரிசு நின்றுபோனால் விலங்கு விரைவில் அந்தச் செயலைக் கைவிடும். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை அசைக்க முடியாததாக்கும் என்பது ஸ்கின்னர் வழி வந்த ஆய்வுகளின் முடிவு. பரிசுச் சீட்டுக்கு அடிமையானவர்களும் இவ்விதிக்கு உட்பட்டவர்களே என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் கூறியபோது, அந்த நாயை நினைத்து நான் சிரித்துவிட்டேன்.

இவையெல்லாம் வேடிக்கைக் கல்வி போலத் தோன்றலாம். எங்கள் பகுதியில் இது சில நேரம் உயிர்ப் பிரச்சினை. சென்ற ஆண்டு, எனக்கு மாமா முறையாகும் ஒரு கீதாரியின் கிடையில் ஒன்றரை வயதுக் கருப்பு நாய் ஒன்று ஒரே மாதத்தில் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிட்டது. ஒரு குட்டி என்றால் அவர்களுக்குப் பல நாள் கூலி. செத்த குட்டியை நாயின் கழுத்தில் கட்டி அடித்தால் திருந்தும் என்று ஒருவர் சொல்ல, அதையும் செய்து பார்த்தார்கள். செயல் நடந்து சில மணி கழித்து விழுந்த அடிக்கு நாய் என்ன பொருள் கொள்ளும்? கீரனூர்ச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. சாலையில் விடப்படும் நாய்க்கு லாரிச் சக்கரம், அல்லது யாரோ வைக்கும் விஷம்.

ஒரு மாதம் என்னிடம் விடும்படி கேட்டேன்.

"அடிக்காம எப்படிப்பா நாய் பயப்படும்?" என்றார் மாமா.

"பயப்படுறது வேற, படியிறது வேற மாமா. நீங்க இல்லாத நேரத்துல அது யாருக்குப் பயப்படும்?" என்றேன். பதில் சொல்லவில்லை, கயிற்றை என் கையில் கொடுத்தார்.

பசியால் அது கடிக்கவில்லை. கொன்ற குட்டிகளில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. ஓநாயிடமிருந்து நாய்க்கு வந்த வேட்டைத் தொடர் ஒன்று உண்டு: உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல். இத்தொடரின் ஒரு பகுதியை மட்டும் வளர்த்து மற்றதை அடக்கிய இனங்களே உலகின் மேய்ப்பு நாய்கள். துரத்துவதே நாய்க்கு இன்பம். ஓடும் குட்டி தானே பரிசாகிவிடும்போது எந்தக் கருவாடு அதற்கு ஈடாகும்? ஆகவே, பரிசு வெல்லக்கூடிய தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். நீளக் கயிற்றில் கட்டி, மந்தையை அது பார்க்கலாம், ஆனால் இழுக்கத் தோன்றாது என்ற அளவு தொலைவில் நிறுத்தினேன். குட்டியைப் பார்த்துவிட்டு என் பக்கம் தலையைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு. இரண்டு நாளுக்கு ஒரு தடவை சில அடி முன்னே. குட்டிகள் துள்ளி ஓடும் மாலை வேளையில் மீண்டும் பின்னே. ஐந்து வாரம் ஆயிற்று. மந்தைக்குள் கயிற்றைத் தரையில் இழுத்தபடி நடந்து, அழைத்தால் குட்டியை விட்டுத் திரும்பும் நிலைக்கு வந்தது.

இதை முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆள் பார்வையில் இருக்கும்வரை அது நல்ல காவல் நாய். ஆளில்லாதபோது பிறந்த குட்டிகளோடு அதைத் தனியே விடலாமா என்று கேட்டால், கூடாது என்றே மாமாவிடம் சொன்னேன். இப்போது குட்டிகளைக் கொடாப்பில் மூடிவிட்டு, நாயைக் கிடையின் மறுபுறம் காவலுக்கு விடுகிறார். அதன் பின் குட்டி எதுவும் சாகவில்லை. நாயும் சாகவில்லை. பழக்குதலால் இயல்பை வளைக்கலாம், அழிக்க முடியாது. மிச்சத்தை வேலியும் கயிறும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'எந்த நாயையும் பதினைந்தே நாளில் மாற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்வோரை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

அந்த நாய்க்கு ஒன்றரை வயதில் ஐந்து வாரம் ஆனது, குட்டிப் பருவத்தில் சில நாளில் முடிந்திருக்கும். ஸ்காட், புல்லர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நூலின்படி, பிறந்த 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தோடு பழகும் பருவம். அப்போது ஆட்டுக்குட்டிகளோடும் குழந்தைகளோடும் வளர்ந்தால் அவை அதற்குச் சொந்தம். அப்பருவத்தில் தனியே கட்டிப் போட்டால் வாழ்நாளெல்லாம் எல்லாரும் அந்நியர். "குட்டியிலேயே கட்டிப் போட்டாத்தான் நாய் மூர்க்கமா வளரும்" என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். மூர்க்கமாகத்தான் வளர்கிறது, முதற்கடி பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு. விலங்கை அளவுக்கு மீறி நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. அச்சட்டத்துக்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் சென்னையில் அமைக்கப்பட்ட விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பரதநாட்டியத்துக்காக அவரை அறிந்த அளவு இதற்காக நாம் அறியவில்லை.

கடியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. வெறிநோய் கண்டபின் பிழைத்தவர் மிக அரிது. வருமுன் காப்பது எளிது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வேண்டா. நாய்க்கு மூன்று மாத வயதிலும் பின் மருத்துவர் சொல்லும் கால அளவிலும் தடுப்பூசி போட வேண்டும். பழக்கிய நாயைக் கையில் பிடித்து ஊசி போடலாம். பழக்காத நாயை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஊசி போடாத நாய்களிற் பல பிடிபடாத நாய்களே.

தொழில் என்ற கேள்விக்கு வருகிறேன். மீரட்டில் உள்ள தரைப்படையின் கால்நடை மருத்துவப் பிரிவு 1960 முதல் நாய்களுக்குப் பயிற்சி தருகிறது. குவாலியருக்கு அருகே டெக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் 1970இல் தொடங்கியது. நம் மாநிலக் காவல்துறைக்கு 1950களிலிருந்தே துப்பறியும் நாய்ப் பிரிவு உண்டு. இவ்விடங்களில் நாயும் அதைக் கையாளும் காவலரும் சேர்ந்தே பயிற்சி பெறுகிறார்கள். நேரடியாக அல்லாமல், காவலராகவோ படைவீரராகவோ சேர்ந்தபின் இப்பிரிவுக்குச் செல்வதே வழக்கம் என்பதை ஆர்வமுள்ள நண்பர்கள் கவனிக்கவும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கு முதல் பள்ளி 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ஏற்பட்டது.

நம் சொந்த இனங்களின் நிலைதான் என்னை உறுத்துகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லும் இனங்கள் நம்மிடம் உண்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையும் வெளியிட்டார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்தவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் முயல் வேட்டை குற்றம், அது சரியானதே. ஆனால் வேலை போன நாய்க்கு வேறு வேலை கற்பிக்க யாரும் முன்வராததால் அவை கட்டுத்தறியில் நிற்கும் அலங்காரமாயின. கர்நாடகத்து முதோள் நாய்க் குட்டிகளை 2016இல் மீரட்டுக்குக் கொண்டுசென்று பயிற்றினார்கள். வெளிநாட்டு இனங்களே படைக்கு ஏற்றவை என்ற எண்ணத்தை அது அசைத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னதும் குட்டிகளுக்கு எங்கும் தேவை எழுந்தது. வாங்கியவர்களிற் சிலர் என்னிடமும் வந்தார்கள். சிப்பிப்பாறைக்கு நாள்தோறும் ஓடுவதற்கு வெட்டவெளி வேண்டும் என்றதும், "மாடியில கட்டி வச்சா ஆகாதா?" என்று கேட்டார் ஒருவர்.

இப்போது என்னிடம் நான்கு நாய்கள் பாடம் கற்கின்றன: இரண்டு கிடை நாய்கள், ஒரு ராஜபாளையம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கண்டால் குரைக்கும் ஒரு வீட்டு நாய். காலை ஆறு முதல் ஏழரை வரை, பிறகு கல்லூரிப் பேருந்து. கட்டணமாக ஒருவர் கேழ்வரகு தருகிறார், ஒருவர் பணம் தருகிறார். மாமா ஒரு வெள்ளாட்டுக் குட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குட்டியைக் கருப்பு நாயின் கண்ணெதிரே வளர்த்துப் பார்க்கப் போகிறேன்.